கழுத்துத் தெரிய நட்ட வெங்காயம்

குளிர்நாட்டு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலையிலிருந்து தியாகலிங்கம் ஓய்வு பெற்ற அன்றே அவர் மனைவி சிவநேசத்துக்கு அட்டமத்துச் சனி தொடங்கிவிட்டது. விடிந்தால் பொழுதுபட்டால் மனுசன் குசினிக்குள்தான். சொதியைக் கொதிக்க விடாதையும், உந்த அகப்பை வேண்டாம், புளி காணாது. இத்தனை வருசமாக வாய் திறக்காமல் சாப்பிட்டவருக்கு இப்போதுதான் நாக்கு முளைத்திருக்கிறது! நல்ல மனுசன்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு குசினிக்கு இரண்டு பேர் ஆகாது.

ஐப்பசி பிறந்ததும் அவரைத் தோட்டத்துக்குத் துரத்த அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"இஞ்சருங்கோ, இப்ப வெங்காயம் நட்டா பனிக்குக் கீழ கிடந்து சித்திரையில எழும்புமாம். பக்கத்து வீட்டுத் தமிழ் ஆள் எமிலியானுஸ் வருசா வருசம் நடுறார்."

அவ்வளவுதான். பின்வளவில் பாத்தி கட்டி, ஊர் வழக்கப்படி கழுத்து வெளியே தெரிய மேலாக நட்டார் தியாகலிங்கம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற எமிலியானுசுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, இஞ்ச நிலம் இரவில உறைஞ்சு பகலில இளகும். நட்டதெல்லாத்தையும் வெளியில தள்ளிப்போடும். மண்ணுக்குள்ள ஆழத் தாட்டு, மேல சருகு போடுங்கோ."

"தாட்டா அழுகிப்போம். யாழ்ப்பாணத்தானுக்கு வெங்காயம் நடப் பழக்கிறீரோ?"

அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

கார்த்திகையில் ஒரு காலை பார்த்தால், பாதி வெங்காயம் மண்ணுக்கு மேலே மல்லாந்து கிடந்தது. தியாகலிங்கத்தின் முகம் செத்துப்போயிற்று. "எனக்குத் தோட்டம் சரிவராது" என்று உள்ளே வந்து, குசினிக் கதிரையில் குந்திக்கொண்டு, பருப்புக்குத் தண்ணீர் கூடிவிட்டது என்றார்.

ஐயோ, இனிக் காலம் முழுக்க இதுதானா! அவர் தலைமயிர் வெட்டப் போன நேரம் பார்த்து சிவநேசம் பின்வளவுக்கு ஓடினாள். ஒவ்வொன்றாக விரலால் ஆழத் தாட்டு, மேப்பிள் சருகை அள்ளி மூடினாள். கை விறைத்தது. ஆனாலும் மண் அளைந்ததில் அவளுக்கு ஏனோ சந்தோசமாக இருந்தது. அன்றிரவே பனி கொட்டியதால் அவர் ஒன்றையும் காணவில்லை.

குளிர்காலத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடத்தினாள். சித்திரையில் பனி கரைந்தது. பாத்தி முழுக்கப் பச்சை.

"நேசம், ஓடி வாரும்!" என்று கத்திய தியாகலிங்கம் வேலியால் எட்டிப் பார்த்தார். "கண்டீரோ எமிலியானுஸ்? வெளியில கிடந்ததும் தானா வேர் விட்டிட்டுது. கழுத்துத் தெரிய நட்டது!"

உண்மை சிவநேசத்தின் நாக்கு நுனிவரை வந்தது. சின்னப் பிள்ளைபோல் குதித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து விழுங்கிவிட்டாள். போகட்டும், மனுசன் இனித் தோட்டத்தோடு கிடப்பார்.

எங்கே! ஒரு பிடி வெங்காயத் தாளோடு நேரே குசினிக்கு வந்து அவள் கையிலிருந்த தாச்சிச் சட்டியைப் பறித்தார். "என்ர வெங்காயம். நான்தான் வறை வைப்பன். நீர் போய் இன்னும் கொஞ்சம் ஆய்ஞ்சுகொண்டு வாரும்."

புறுபுறுத்தபடி வெளியே வந்தாள். முதுகில் இளவெயில் பட்டது. குறை சொல்ல ஆளில்லாமல், அவள்பாட்டுக்கு ஒவ்வொரு தாளாக ஆய்ந்தாள்.

எமிலியானுஸ் வேலியடிக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "அக்கா, அண்டைக்கு நீங்கள் தாட்டதைக் கண்டனான். அண்ணைக்குச் சொல்லட்டே?"

"சொன்னீரோ, தொலைஞ்சீர். சொன்னா, எனக்கு நடப் பழக்கிறன் எண்டு அவர் குசினியை விட்டிட்டு இஞ்ச வந்திடுவார்" என்றாள் சிவநேசம்.