மூட்டைக்காரர் கட்டிய வயிற்றுப் பெல்ட்

ஆஸ்பத்திரியில் எதைக் கொடுத்தாலும் கொக்கிக்குச் சந்தேகம்தான். மாத்திரையைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மகளிடம் நீட்டுவார். மூட்டை தூக்கிப் பிழைத்த மனிதர். கொக்கி என்பது கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர்.

மகளுக்கு நேற்றுக் காலையில் சிசேரியன். மருமகன் லாரியோடு போனவன், நாளைக்குத்தான் வருவான். பிள்ளைக்கு மூச்சு கொஞ்சம் வேகமாக இருக்கிறதென்று தாழ்வாரத்துக் கோடி அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தாய் மட்டும் உள்ளே போகலாம், அதுவும் நாலு மணியிலிருந்து ஐந்து வரை. பிள்ளை முகத்தை அவள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. தள்ளு நாற்காலி இருந்தது, ஒரு சக்கரம்தான் இல்லை.

மூன்றரைக்கு எழப் பார்த்தாள். கால் தரையில் பட்டதும் தையலைப் பிய்த்துக்கொண்டு போவதுபோல் வலி. உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் தடவையும் அதே கதை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

நர்ஸ் அகலமான பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். வயிற்றைத் தாங்கிப் பிடிக்கும், நடக்கும்போது வலி குறையும், பக்கத்துக் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்து போட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் போனாள். அறுத்த லட்சணத்தை மூடி மறைக்க ஒரு துணியா என்று கொக்கி முணுமுணுத்தார். எடுத்துப் புரட்டினார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம இடுப்புப் பட்டை."

முப்பது வருஷம் அதைக் கட்டிக்கொண்டுதான் மூட்டை ஏற்றினார். இதில் இன்னொருத்தி வந்து கற்றுக்கொடுக்க என்ன இருக்கிறது? மகளைக் கட்டிலைப் பிடித்து நிற்கச் சொன்னார், மூச்சை அடக்கச் சொன்னார். பட்டையை விலா எலும்புவரை ஏற்றி, முழங்காலைக் கட்டிலில் முட்டுக்கொடுத்து ஓர் இழுப்பு. நூறு கிலோ தூக்கலாம், அப்படியொரு கட்டு.

"அப்பா, நான் மூச்சு விடணும்."

"விடலாம், விடலாம். முதல்ல நட."

அதற்குள் நர்ஸ் வந்து பட்டையைச் சர்ரென்று பிரித்தாள். "பெரியவரே, உங்க பொண்ணு மூட்டையா தூக்கப் போறா?"

மகளைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, இடுப்புக்கடியில் பெல்ட்டை நுழைத்துக் கீழிருந்து மேலாக ஒட்டிவிட்டாள். தையல் இருந்த இடம் அதற்குள் அடங்கியது. இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். இது இறுக்குவதற்கில்லை, தாங்குவதற்கு, படுக்கும்போது கழற்றிவிட வேண்டும் என்றாள். கொக்கியும் விரலை விட்டுப் பார்த்தார். ஒன்றுதான் நுழைந்தது. இன்னும் தளர்த்தச் சொன்னார்.

"உங்க விரலுக்குத் தனியா ஒரு பெல்ட்டுதான் தைக்கணும்."

மகள் பக்கவாட்டில் புரண்டு எழுந்தாள். முகம் சுருங்கியது, ஆனால் உட்காரவில்லை. கோடி அறைக்கு நாற்பது எட்டு வைக்க வேண்டும். கொக்கி பின்னால் இரண்டு கையையும் விரித்தபடி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மெதுவாக என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"லாரியாப்பா பின்னால எடுக்கறே?"

பாதியில் இருமல் வந்தது. பெல்ட்டைக் கையால் அழுத்திப் பிடித்து இருமிவிட்டு நின்றாள். கொக்கி செத்துப் பிழைத்தார்.

அந்த அறை வாசலில் இன்னொரு நர்ஸ் அவரை மறித்தாள். விழுந்தால் யார் பிடிப்பது என்று அவர் வரிந்துகட்டிக்கொண்டு நின்றார். மகள் திரும்பவே இல்லை.

"இங்கயே நில்லுப்பா. நான் போயிக்கறேன்."

யார் பேச்சையும் கேட்காதவர் நின்றார். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தார். சுவரைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தாள். பெட்டிக்குள் கையை விட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி அவர் வெளியிலிருந்து கையை ஆட்டினார். ஒருத்தரும் பார்க்கவில்லை.