தேனீ இறக்கை

மய்யித்தைக் குளிப்பாட்டக் கதவைச் சாத்தியபோது ஆஸ்மா உள்ளறையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பெற்ற அத்தா சேக் தாவூது விடியற்காலையில் மௌத்தாகிவிட்டார். பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியாதவள் மய்யித்தின் பக்கம் வரக்கூடாது என்று மாமியார் ருக்கையா அறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா இல்லாத வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

நேற்று இந்த நாற்பது எங்கே போயிருந்தது என்று ஆஸ்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்றுக் காலை அத்தா படுக்கையிலிருந்தே போன் செய்திருந்தார். “பிள்ளைய ஒரு தடவ கையில குடும்மா, பார்த்துக்கறேன்.” மதியத்துக்குள் பிடோக்கில் அத்தா வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். அதற்கு முன்னால் சிராங்கூன் ரோட்டு ஸ்டூடியோ. இரண்டு வாரம் தாண்டினால் பிள்ளை சுருண்டு படுக்காது, படம் எடுபடாது என்று கணவன் ஸைஃப் ஒற்றைக்காலில் நின்றான். மாமியாரும் புதுச்சேலை கட்டிக்கொண்டு கூடவே வந்தாள்.

அங்கே ஹீட்டரைப் போட்டு, பிள்ளையை அம்மணமாக்கி ஒரு சட்டிக்குள் சுருட்டிப் படுக்கவைத்தார்கள். தலையில் சமையல்காரர் தொப்பி, சுற்றிலும் பிளாஸ்டிக் கத்திரிக்காயும் தக்காளியும். கறிக்கு உரித்த கோழி மாதிரி இருந்தது. அது முடிந்து தவளை. பிறகு இறக்கை கட்டித் தேனீ. உடுப்பு மாற்றும்போதெல்லாம் பிள்ளை வீறிட்டது. தூங்கவைத்து மறுபடி ஆரம்பித்தார்கள். போகலாம் என்று ஆஸ்மா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். இன்னும் ஒன்றே ஒன்று என்றார்கள் தாயும் மகனும். பிடோக் போய்ச் சேர்ந்தபோது அத்தாவுக்கு நினைவு தப்பியிருந்தது.

இப்போது போன் அதிர்ந்தது. குடும்பக் குழுவில் ஸைஃப் ஒரு படம் போட்டிருந்தான். அவர்கள் கல்யாணப் படத்தில் துஆவுக்காக அத்தா ஏந்திய கைகள். அந்தக் கைகளுக்குள் மஞ்சள் கறுப்புக் கோடுபோட்ட தேனீயாகப் பிள்ளை தூங்கியது. கீழே வரிசையாக மாஷா அல்லாஹ். பேரனைத் தூக்கிவிட்டுத்தான் போயிருக்கிறார், கொடுத்துவைத்தவர் என்று சாங்கி மாமா எழுதியிருந்தார்.

ஸைஃப் உள்ளே எட்டிப் பார்த்தான்.

“பார்த்தியா? போட்டோகிராபர்கிட்ட அர்ஜென்ட்டா எடிட் பண்ணச் சொன்னேன். உனக்கு ஆறுதலா இருக்கும்ல.”

“அத்தா தூக்கவே இல்ல மச்சான்.”

“தெரியும் லா. பிள்ள வளர்ந்ததும் காட்டலாம்ல.”

அவள் பேசுவதற்குள் அவன் போன் மறுபடி மினுங்கியது. அவன் முகத்தில் ஒரு சின்னப் பெருமிதம் வந்து போனது. இவனோடு ஒரே கட்டிலில் படுக்கிறோம் என்பதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கூடத்தில் கஃபன் துணி சுற்றி முகத்தை மட்டும் திறந்துவைத்திருந்தார்கள். பார்க்கிறவர்கள் வந்து பார்க்கலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் குரல் கொடுத்தார். ஆஸ்மா பிள்ளையோடு எழுந்தாள். ருக்கையா கையை நீட்டி மறித்தாள்.

“நாப்பது கழியல. போகக்கூடாது.”

“ஸ்டூடியோவுக்குப் போறப்ப கழிஞ்சிருந்துச்சா மாமி?”

மாமியாரின் கை இறங்கியது.

அத்தாவின் கைகள் வெள்ளைத் துணிக்குள் இருந்தன. அவை இருக்கும் இடத்தைத் தடவிப் பார்த்து, அங்கே பிள்ளையைக் கிடத்தித் தன் கையால் அணைத்துப் பிடித்தாள். எதிரே ஸைஃப் போனை உயர்த்துவது தெரிந்தது. ஆஸ்மா முந்தானையை விரித்து இருவரையும் மூடினாள்.

உள்ளே, கஃபனின் கற்பூர நெடிக்குப் பிள்ளை தும்மியது.