தவிட்டெண்ணெய்

அக்காவுக்கு வேலை கிடைப்பதும் கிடைக்காததும் ஒரு முதுகின் கையில் இருந்தது.

பெண்களுக்கு மட்டுமான மசாஜ் நிலையம் அது. முதலாளியம்மா சனிக்கிழமை மதியம் வரச் சொல்லியிருந்தார். அவர் முதுகையே தேய்த்துக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் உடனே சேர்ந்துகொள்ளலாம். எண்ணெய் மட்டும் அவரவர் செலவு.

"கையும் நம்மது, எண்ணெயும் நம்மது. அந்தம்மா என்னத்த தர்றாங்க, கட்டிலா?" என்றாள் தங்கை வெடி.

"நீ சும்மா இருடீ. துணிக் கம்பெனி மூடினதுலேர்ந்து நான் வீட்டுலயே கிடக்குறேன். இதையும் உன் வாயால கெடுத்துடாத."

வெடி சும்மா இருந்ததாகச் சரித்திரமே இல்லை. அவளுடைய உண்மைப் பெயர் சான்றிதழ்களில் மட்டும்தான் இருந்தது. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள். வேதியியல் பட்டம் வாங்கிவிட்டு, கூரியர் அலுவலகத்தில் பொட்டலங்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். படித்த படிப்புக்கு முதல்முறையாக ஒரு வேலை வந்திருக்கிறது என்று எண்ணெய் தேடக் கிளம்பினாள். நின்று பேசவே அவளுக்குப் பொறுமை கிடையாது. அக்கா ஒரு கடைக்குள் நுழைவதற்குள் இவள் அடுத்த கடையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாள்.

மருந்துக் கடையில் பாதாம் எண்ணெய் சின்னக் குப்பியில் இருந்தது. விலையைப் பார்த்த அக்கா, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல அதைத் திரும்ப வைத்தாள்.

"பேரே கௌரவமா இருக்குல்ல?"

"ஒரு முதுகுக்குள்ள பாதி குப்பி காலி. நீ சம்பாதிக்கிறதெல்லாம் பாதாமுக்கே அழணும். வா."

தேங்காயெண்ணெய் ஏசி அறையில் உறைந்துபோகும். நல்லெண்ணெய் வாசனை, தேய்த்துக்கொண்டவளோடு ஆபீஸ் வரை போகும். விளக்கெண்ணெய் பிடித்த கையை விடாது. கெட்டுப்போகாது, மலிவு என்று வெடி பாரஃபின் எண்ணெயை எடுத்துக் காட்டினாள். "அது வண்டிக்கு ஊத்துறது" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடலையெண்ணெயை வெடியே தொட விடவில்லை. சிலர் உடம்புக்கு அது ஆகாது, தடித்துப்போகும், மூச்சுகூட அடைக்கலாம் என்று விளக்கினாள். அக்கா தலையாட்டினாள். அவள் கண் மருந்துக் கடைப் பக்கமே இருந்தது.

மிஞ்சியது சூரியகாந்தியும் தவிட்டெண்ணெயும். இரண்டையும் சோதிக்க ஒரு முதுகு வேண்டுமே. அப்பா மூட்டை தூக்குகிறவர். மூட்டைகள் உரசியதைத் தவிர அந்த முதுகை யாரும் தடவிக் கொடுத்ததில்லை. வெடி அவரைப் பாயில் குப்புறப் படுக்கவைத்து, முதுகெலும்பை எல்லையாக்கி, பக்கத்துக்கு ஓர் எண்ணெயாகத் தேய்க்கச் சொன்னாள்.

"எந்தப் பக்கம்ப்பா நல்லா இருக்கு?"

"ரெண்டும் என் பக்கம்தானேம்மா" என்றவர், அடுத்த கேள்விக்குக் குறட்டையைப் பதிலாகத் தந்தார்.

சூரியகாந்தி சீக்கிரம் தோலுக்குள் இறங்கிவிட்டது, கை ஓடவில்லை. துணியில் நனைத்து வெயிலில் போட்டபோது காறல் வாடையும் அடித்தது. தவிட்டெண்ணெய் வழுக்கியது, வாடையில்லை, சட்டைப்பையைக் கடிக்கவுமில்லை. ஆக, மளிகைக் கடையில் பொரிக்கிற எண்ணெய்களோடு அடுக்கியிருந்த பாக்கெட்டில் முடிந்தது தேடல்.

அக்காவுக்கு மனம் ஆறவில்லை. "என்ன எண்ணெய்னு கேட்டா பொரிக்கிற எண்ணெய்னா சொல்றது?"

"ஆமா. அதுல என்ன குறைச்சல்?"

"நீ சொன்னா அறிவாளின்னு நினைப்பாங்க. நான் சொன்னா இல்லாதவன்னு நினைப்பாங்க. உனக்கு எங்கடீ புரியப்போகுது."

வெடிக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால், எண்ணெயை ஊற்றிக் கொண்டுபோக, பழைய சாமான் கடையில் அக்கா பொறுக்கி வந்த அழகான கண்ணாடிப் பாட்டிலின் மேல் அதைக் காட்டினாள். சோப்புத் தண்ணீரில் போட்டு அது கதறக் கதறக் கழுவினாள்.

சனிக்கிழமை. நிலையத்தில் அறைக்கு அறை கதவு இல்லை, கனத்த திரைதான். வெடி வெளியே நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், நடந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். முழங்கால் தானாக ஆடியது. உள்ளே பாட்டிலின் அழுத்து மூடி கிறீச்சிடுவதும் உள்ளங்கைகள் சீராக ஓடுவதும் கேட்டன. நல்ல ஓசை. துணிக் கம்பெனியில் இஸ்திரி போட்ட கைகள், சுருக்கத்தைத் தேடிப் போய் எடுக்கும்.

"கை நல்லா பேசுதும்மா" என்றது முதலாளியம்மாவின் குரல். "வலது தோள்ல இறுக்கம் விட்டுப்போச்சு. என்ன எண்ணெய் இது? ஒட்டவே இல்ல."

கைகள் நின்றன. வெடியின் முழங்காலும் நின்றது.

"பாதாம் எண்ணெய், மேடம்."

கட்டில் கிறீச்சென்றது. "பாதாமா? எனக்கு ஆகாதும்மா அது. தடிச்சுப்போகும், தொண்டை அடைச்சுக்கும். துடை, சீக்கிரம் துடை. என் பை எங்க?"

வெடி திரையை இழுத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். முதலாளியம்மா துண்டைப் போர்த்தியபடி உட்கார்ந்து, மாத்திரை அட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தார். அக்கா சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.

"பாதாம் இல்லீங்க. தவிட்டெண்ணெய். மளிகைக் கடையில விக்கிறது. நான்தான் வாங்கினேன்."

"நீ யாரு?"

"தங்கச்சி."

"யாரு சொல்றதும்மா பொய்?"

"அக்கா சொன்னது பொய். நான் சொல்றது நிஜம்."

வாய் சொல்லி முடிப்பதற்குள் வெடியின் கண்ணில் அந்தப் பாட்டில் பட்டது. பாட்டிலைக் கழுவினாள். மூடியைக் கழுவினாளா? அந்த மூடிக்குள் ஒரு குழாய், அதற்குள் ஒரு சுருள் கம்பி. கழற்றவில்லை. அதற்கு முன்பு அந்தப் பாட்டிலில் என்ன இருந்ததோ, யார் கண்டது. சொல்லாமல் விட்டால் வேலை மிஞ்சும். அக்காவின் கண் கெஞ்சுவது தெரிந்தது.

"பாட்டில் பழசுங்க" என்றாள். "உள்ள முன்னாடி என்ன இருந்துச்சுன்னு தெரியாது. பாட்டிலைத் தேய்ச்சுக் கழுவினேன். மூடியக் கழட்டிக் கழுவல. மூச்சு முட்டினா ஒரு நொடி தாமதிக்க வேணாம், ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். நான் வெளிய வண்டி நிறுத்துறேன்."

வெளியே ஓடிப் போய் ஓர் ஆட்டோவை நிற்கவைத்துவிட்டு வந்தாள். அக்கா சோப்பு நுரையில் துணியை நனைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் ஒரே முதுகுக்காகக் காத்திருந்தார்கள். முதலாளியம்மா கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தார், தொண்டையைத் தடவினார், எச்சில் விழுங்கிப் பார்த்தார். வலது தோள் சிவந்திருந்தது. தேய்த்த சிவப்பா, தடித்த சிவப்பா என்று யாருக்கும் தெரியவில்லை. வெடிக்கு நிற்கவும் முடியவில்லை, நடக்கவும் இடமில்லை. படித்த வேதியியல் முழுவதும் அந்த ஒரு சாண் தோலைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தது.

மெல்ல மெல்லச் சிவப்பு வெளுத்தது. ஒரு தடிப்புகூட எழும்பவில்லை. ஆட்டோக்காரர் காத்திருந்து சலித்து ஹாரன் அடித்தார். வெடி போய்க் கூலி கொடுத்து அனுப்பிவிட்டு வந்தாள்.

முதலாளியம்மா அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, எதுக்கு அந்தப் பொய்?"

அக்காவின் குரல் கீழே கிடந்தது. "தவிட்டெண்ணெய்னு சொன்னா மதிப்பீங்களா மேடம்?"

அவர் மாத்திரை அட்டையைப் பைக்குள் போட்டு மூடினார். "மதிச்சிருக்க மாட்டேன்தான்" என்றார் கடைசியில்.

வெடிக்கு நாக்கு நுனியில் நாலு வார்த்தை வந்து நின்றது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு அதற்காகவே காத்திருந்தாள். ஆனால் பேசியது அக்காதான்.

"மேடம், வேலை தரலேன்னாலும் சரி. நீங்க மூச்சுக்கு பயந்தீங்களே, அதப் பார்த்ததுக்கு அப்புறம் இனிமே என்னால ஒளிக்க முடியாது. யார் முதுகுன்னாலும் என்ன எண்ணெய்னு சொல்லிட்டுத்தான் கை வைப்பேன். பொரிக்கிற எண்ணெய்னு அவங்க எழுந்து போனாலும் போகட்டும்."

முதலாளியம்மா துண்டை இறுக்கிக்கொண்டார். அந்தப் பாட்டிலை இரண்டு விரலால் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு வெடியின் பக்கம் திரும்பினார்.

"கடை எவ்வளவு தூரம்?"

"தெருமுனையில ஒண்ணு இருக்கு."

"பிரிக்காத பாக்கெட்டா ஒண்ணு வாங்கிட்டு வா. என் முன்னாடிதான் வெட்டணும். வலது பக்கம் மட்டும் இறங்கி, இடது பக்கம் கல்லா நிக்குது, இப்படியே எப்படி நான் வீட்டுக்குப் போறது?" கட்டிலில் மறுபடி குப்புறப் படுத்தார். "திங்கக்கிழமையிலேர்ந்து உங்கக்கா மட்டும் வரட்டும். நீ வேணாம். எனக்கு நெஞ்சு தாங்காது."

வெடி ஓடினாள். கடையில் கூட்டம். முன்னால் நின்றவர்களை இடித்துக்கொண்டு கையை நீட்டித் தவிட்டெண்ணெய் கேட்டாள். கடைக்காரர் பாக்கெட்டை எடுத்தபடி, "அப்பளமா, வடையா?" என்று விசாரித்தார்.

"முதுகு" என்றாள் வெடி, கடை முழுக்கக் கேட்கிற குரலில். மிச்சச் சில்லறைக்குக்கூட நிற்கவில்லை.