இத்தாலிக்காரி முன்னால் போகட்டும்

பெரியவர் சாவியைத் திருப்பினார். தம்பியின் சிவப்பு இத்தாலிய கார் இருமிவிட்டு உறுமத் தொடங்கியது. பின்னால், தம்பியை ஏற்றிய சவ வண்டி காத்து நின்றது.

மைத்துனர் ஜன்னலில் குனிந்தார். "அத்தான், இதையா முன்னாடி ஓட்டப்போறீங்க? உங்க ஜெர்மன்காரனை எடுங்க. நடுரோட்டுல இவ நின்னுட்டா மானம் போயிடும்."

"அவன் வண்டிதான் முன்னாடி போகணும். தள்ளி நில்லு."

பெரியவரின் வெள்ளி நிற ஜெர்மன் கார் ஷெட்டிலேயே இருந்தது. எஞ்சின் பின்பக்கம், காற்றிலேயே குளிரும். சாவியைத் தொட்டால் போதும். தம்பிக்கு அது ஆகாது. "தையல் மெஷின்ணே அது. நேரத்துக்குக் கிளம்பும், நேரத்துக்கு வந்து சேரும், ஒரு வார்த்தை பேசாது. அப்படியே உன்னை உரிச்சு வச்சிருக்கு" என்பான்.

"உன்னோடது பாட்டுக்காரி. பாடி முடிச்சதும் மயங்கி விழுந்துடுவா" என்பார் இவர்.

பழைய கார் சங்கத்தில் இந்தச் சண்டையைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. அவர்கள்தான் இப்போது தங்கள் கார்களோடு தெருவோரம் வரிசையாக நின்றார்கள். இன்றைக்கு இவள் வழியில் நின்றால், தம்பியின் கடைசிப் பயணமும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துவிடும்.

தம்பி மகள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வண்டி நடைவேகத்தில் நகர்ந்தது. பறப்பதற்கென்றே செய்த வண்டிக்கு ஊர்வது தண்டனை. உச்சி வெயில் வேறு. கடைத்தெரு திரும்புவதற்குள் சூடு காட்டும் ஊசி ஏறத் தொடங்கியது. பெரியவர் ஹீட்டரை முழுதாகத் திருகினார். காலடியிலிருந்து அனல் அடித்தது.

"பெரியப்பா, ஹீட்டர்! இந்த வெயில்லயா?"

"இருக்கட்டும். எஞ்சின் சூட்டை நாம கொஞ்சம் வாங்கிக்கிட்டா அது தாங்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க வண்டியில தண்ணி ஊத்துற வேலையே கிடையாதே."

"சங்கத்து ஊர்வலம் முடிஞ்சா உங்கப்பன் சட்டையைப் பிழியுற அளவுக்கு வேர்த்து இறங்குவான். கேட்டா, காத்து வாங்கிட்டு வர்றேம்பான்."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"அவன் மறைச்சான். அதை நான் எதுக்குப் பார்க்கணும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே பார்த்தாள். பிறகு ஹீட்டர் விசிறியை இன்னொரு படி கூட்டினாள். பெரியவர் முதுகை இருக்கையில் சாய்க்காமலே ஓட்டினார். சட்டைக் காலர் நனைந்து கழுத்தில் ஒட்டியது. ஊசி சிவப்புக் கோட்டின் விளிம்பில் நடுங்கிக்கொண்டு நின்றது.

மயானத்து வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது சங்கச் செயலாளர் எதிரே வந்தார்.

"வந்து சேர்ந்துட்டாளே! சூடேறலையா?"

"ஊசி அசையவே இல்ல."

செயலாளர் அவருடைய நனைந்த சட்டையைப் பார்த்தார். "எதுக்கும் பானெட்டைத் திறந்து கொஞ்சம் காத்தாட விடுவோமா?" என்று கையை நீட்டினார்.

பெரியவர் கொதித்துக்கொண்டிருந்த பானெட்டின் மேல் உள்ளங்கையை ஊன்றினார். "வேண்டாம். அவ நல்லாத்தான் இருக்கா."

பின்னால் சவ வண்டியின் கதவைத் திறந்து பெட்டியை இறக்கினார்கள். தோள் கொடுத்தவர்கள் அவரைக் கடந்து மெல்ல நடந்தார்கள்.

"பெரியப்பா, கை..." என்றாள் தம்பி மகள்.

பெட்டி வாசலைத் தாண்டி உள்ளே போகும்வரை அவர் கையை எடுக்கவில்லை.