பத்தாவது குடும்பம்

நிறுத்த முடியாத வேலை என்று உலகத்தில் ஒன்றுமில்லை என்றார் கணினி பார்க்கும் நல்லரத்தினம். சூரியனைப் பற்றிக் கேட்டோம். அதற்கும் கட்டளை இருக்கும், பாஸ்வேர்ட்தான் தன்னிடம் இல்லை என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. மட்டக்களப்பு வாவிக்கரையில் எங்கள் நிவாரண அலுவலகம். வாகரைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்தவர்களின் விபரமெல்லாம் அங்கே ஒரு கணினிக் களஞ்சியத்தில் இருந்தது. முற்பகல்தோறும் ஒரு வேலை தானாக ஓடும். முகாம் மாறும் குடும்பத்தைப் பழைய பட்டியலிலிருந்து எடுத்து, புதிய முகாமின் பட்டியலில் எழுதும். பதினொன்றரைக்கு ஜெனரேட்டர் நிற்கும். அதற்குள் வேலையை நிறுத்தியாக வேண்டும்.

காத்தான்குடிப் பரீனா அதற்கு ஐந்து நிமிடம் எடுப்பாள். புதுக் குடும்பம் எடுக்காதே என்று முதலில் கணினிக்குச் சொல்லிவைப்பாள். பிறகு, ஏற்கெனவே எடுத்த குடும்பத்தின் பெயர்களைத் திரையில் விரல் வைத்து மெல்ல வாசித்தபடி, கடைசிப் பெயர் எழுதப்படும்வரை காத்திருப்பாள்.

"தங்கச்சி கொம்பியூட்டருக்கு ஓதிப் பாக்கிறா," என்பார் நல்லரத்தினம்.

"மண்முனைத் துறையில பாதைப் படகு ஓட்டுறவன் நடு வாவியில ஆக்கள இறக்குவானா அண்ணன்?"

ஒரு செவ்வாய்க்கிழமை பரீனா விடுப்பு. டீசல் முடிகிறது என்று வெளியே சத்தம் கேட்டது. நல்லரத்தினம் ஒரே கட்டளையில் வேலையைக் கொன்றார்.

"பாத்தீங்களா, மூணு செக்கன்."

புதன் காலை, கண்ணகை என்ற பெண்ணின் குடும்பம் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஐந்து பேர். பட்டியலில் இல்லாதவருக்கு அரிசி இல்லை, சோதனைச் சாவடியில் காட்ட அட்டையும் இல்லை. சின்னப் பிழை என்றார் நல்லரத்தினம்.

பரீனா புதிய முகாமுக்குப் போன் எடுத்தாள். அவளிடமிருந்த பயணத் தாளின்படி செவ்வாய்க்கிழமை பஸ் ஏறியது பத்துக் குடும்பம். இறங்கியது ஒன்பதுதானாம். பஸ் வழியில் எங்கும் நிற்கவில்லையாம்.

நல்லரத்தினம் பழைய முகாமுக்கே போய்ப் பார்த்தார். கண்ணகை என்று ஒருவரும் இருக்கவில்லை என்றார்கள். கண்ணகையின் கொட்டில் எண் பதினெட்டு; பதினேழாம் கொட்டிலும் பத்தொன்பதாம் கொட்டிலும் தறப்பாள் கூரையோடு கூரை உரசிக்கொண்டு நின்றன. அடியில் ஒரு கல்லடுப்பு பாதி தெரிந்தது. சாம்பல் சுட்டது.

திரும்பி வந்து திரையைப் பார்த்தார். கடைசி வரி: 'கண்ணகை குடும்பம், எழுதப்படுகிறது.' பக்கத்தில் நிமிடங்கள் ஏறிக்கொண்டிருந்தன. வேலை செத்து ஒரு நாள்.

"விட்ட இடத்திலயிருந்து ஓட விடுங்க அண்ணன்," என்றாள் பரீனா.

ஓட விட்டார். முதல் பெயர் எழுதப்பட்டது. ஜெனரேட்டர் பார்க்கும் உசனார் யன்னலில் தலையை நீட்டினார்.

"டீசல் ரெண்டு நிமிசத்துக்குத்தான் காணும். நிப்பாட்டுங்க."

நல்லரத்தினம் விசைப்பலகைக்குத் திரும்பினார். புதுக் குடும்பம் எடுக்காதே என்று கணினிக்குச் சொன்னார்.

போன் அடித்தது. பரீனா எடுத்தாள். புதிய முகாம்.

"வாசல்ல ஒரு குடும்பம் நிக்கிதாம் அண்ணன். எப்ப வந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம்." ரிசீவரைக் கையால் பொத்தினாள். "நாலு பேராம். தாய்க்காரி வெறுங்கையப் பாத்துப் பாத்து அழுறாவாம்."

திரையில் நான்கு பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. விளக்கு ஒருமுறை மங்கியது.

நல்லரத்தினம் ஐந்தாவது வரியில் விரலை வைத்தார்.

"இராசாத்தி," என்று மெல்ல வாசித்தார். "வயது மூணு. இராசாத்தி."