வெடித்தது எது

பஸ்ஸில் ஏறியதும் நல்லரத்தினம் போனை எடுத்தது பிழையாகிப் போயிற்று.

2008 கார்த்திகை மாதம், இலங்கையின் வடக்கில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். விண்ணிலிருந்து வரும் கதிர்களில் பொசித்திரன்கள், அதாவது எதிர்ப்பொருள் துகள்கள், எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருப்பதை ஒரு செய்மதி கண்டிருந்தது. அவை எங்கிருந்து வருகின்றன என்று, பௌதிகம் படிப்பிக்கும் அவனும் ஏறாவூர்ப் பாறூக்கும் வாரக்கணக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பாறூக்குக்கு, எவர் கண்ணிலும் படாத கரும்பொருளில் நம்பிக்கை. நல்லரத்தினத்துக்கோ பக்கத்துப் பல்சர் ஒன்றே போதும்; வெடித்துப்போன நட்சத்திரத்தின் சுழலும் மிச்சம்.

"தூரத்தில இருந்து வந்தா வாற வழியிலேயே சக்தி போயிரும் மச்சான்," பஸ் இரைச்சலுக்கு மேலாகப் பாறூக்கிடம் போனில் கத்தினான். "வெடிச்சது கிட்டத்தான்!"

முன் சீற்றில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். சோதனைச்சாவடி வந்ததும் இறங்கிப் போய் என்னவோ சொன்னார். நல்லரத்தினத்தை இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது.

தகரக் கொட்டிலுக்குள் இருந்த அதிகாரிக்கு அரைகுறைத் தமிழ். "எங்க வெடிச்சது?"

"நட்சத்திரம் சேர். வானத்தில. லட்சக்கணக்கான வருசத்துக்கு முதல்."

"கிட்ட எண்டு சொன்ன."

ஒளியே நூற்றுக்கணக்கான வருடங்கள் ஓட வேண்டிய தூரம்தான் அவன் சொன்ன 'கிட்ட'.

"நட்சத்திரம், நிச்சயமா?"

தன் ஆய்வில் ஒருநாளும் எழுதாத சொல் வாயில் வந்தது. "நிச்சயம் சேர்."

போனில் பேசியவனையும் வரச் சொன்னார்கள். கூப்பிட்ட இடத்துக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வராத காலம் அது. பாறூக் மோட்டார்சைக்கிளில் வந்தான்.

"நட்சத்திரம் எண்டு இவன் சொல்றான் சேர். எனக்கு அப்பிடித் தோணல்ல. இன்னும் ஒருத்தருக்கும் நிச்சயமில்ல."

பாறூக்கின் முகத்தில் அறை விழுந்தது. "அவன் நிச்சயம் எண்டான். ஒராள் பொய்!"

நல்லரத்தினம் எழுந்துவிட்டான். "பொய் சொன்னது நான் சேர். எங்களுக்குத் தெரியாது. அதைத்தான் தேடுறம்."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னேரம் வரை முழங்காலில் நிற்க வைத்தார்கள். யாரிடமோ விசாரித்த பிறகு, போன்களைப் பிடுங்கிக்கொண்டு இருவரையும் போகவிட்டார்கள்.

"நீயும் ஓம் எண்டிருக்கலாமே," என்றான் நல்லரத்தினம், றோட்டுக்கு வந்ததும்.

"தெரியாததுக்கு எப்பிடிடா ஓம் எண்டுற?" பாறூக்கின் உதடு வீங்கியிருந்தது. "ஏறு."

ஏறாவூர் வரும்வரை பின்னால் வந்த ஒவ்வொரு வாகனத்தையும் நல்லரத்தினம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். வாசலில் பாறூக்கின் மனைவி ஹிதாயா நின்றிருந்தாள். கணவனின் முகத்தைப் பார்த்தாள், பிறகு இவனைப் பார்த்தாள். எப்போதும் தேத்தண்ணி குடிக்காமல் போகவிடாதவள், அன்று உள்ளே வரச் சொல்லவில்லை.