மிஷனரி அட்டைக்குள் எட்டாம் வகுப்பு

சனிக்கிழமை கூட்டத்தில் நான் பேச வேண்டும். ‘எங்கள் வீட்டை உருவாக்கிய ஐந்து புத்தகங்கள்’ என்று பாஸ்டரம்மாவே தலைப்பும் கொடுத்துவிட்டார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் சபைக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடுவோம். அங்கே புத்தகம் என்று பேச்சு எடுத்தால் எல்லோரும் என்னைத்தான் கை காட்டுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வீட்டில்தான் மரியாதை இல்லை. ஒன்பது பிள்ளை பெற்ற ஒரு தாய் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு, விடியும் முன் எல்லோரையும் எழுப்பிப் பாடவைத்தேன். இன்னொன்றைப் படித்ததும் சர்க்கரை டப்பா காணாமல் போனது. மற்றொன்று வந்த பிறகு, கடைக்குப் போய் வந்தாலும் வழியில் பார்த்த ஓர் இலையையாவது வரைந்தாக வேண்டும். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நீ ஒரு புத்தகத்தை முடிக்கிற, அது எங்களை முடிச்சிருது" என்பார். கூரியர்காரர் மணி அடித்தாலே மனிதருக்கு முகம் வெளுத்துவிடும்.

ஐந்தாவது புத்தகம் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காட்டுக்குள் ஆஸ்பத்திரி கட்டிய ஒரு மிஷனரி டாக்டரின் வாழ்க்கை வரலாறு, தலையணை கனத்துக்கு. பெரியவள் அதைக் கீழே வைக்காமல் படித்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். 'என் மகள் மிஷனரி வாழ்க்கையில் மூழ்கிக் கிடக்கிறாள்' என்று போன கூட்டத்தில் பெருமை வேறு அடித்திருந்தேன்.

அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, குறிப்பெடுக்கலாம் என்று அவள் கட்டிலிலிருந்து அதை எடுத்தேன். கனம் குறைந்திருந்தது. மேலட்டை கழன்று விழுந்தது. உள்ளே டாக்டரும் இல்லை, காடும் இல்லை. எட்டாம் வகுப்பு அறிவியல் இருந்தது. கீழ்வீட்டுத் தையல்காரர் மகளுடைய போன வருடப் பாடப்புத்தகம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மற்ற அம்மாக்கள் பாடப்புத்தகத்துக்குள் கதைப்புத்தகத்தைப் பிடித்துக் கத்துவார்கள். நான் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். பாடப்புத்தகம் வெறும் சக்கை என்று ஊரெல்லாம் பேசுகிறவள் வீட்டில், அந்தச் சக்கையைத் திருட்டுத்தனமாக ஒருத்தி மென்றுகொண்டிருக்கிறாள். ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் கேள்விகளுக்குப் பென்சிலால் விடை எழுதி, தானே சரிபார்த்து, மார்க்கும் போட்டிருந்தாள். அந்த மார்க்கைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

வாளியோடு இறங்கி வந்தவள் என் கையில் இருந்ததைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்னடி இது?"

"சயின்ஸ்."

"அது தெரியுது. டாக்டர் எங்க?"

"பீரோவுக்கு அடியில."

அந்த நேரம் பார்த்து என் கணவர் கிரீஸ் கையோடு உள்ளே வந்தார். புத்தகத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கை கழுவும் சாக்கில் குளியலறைப் பக்கம் நழுவப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்கும் தெரியுமா?"

"கோவப்படாம கேளு. திங்கட்கிழமை பக்கத்து ஸ்கூல்ல நுழைவுத் தேர்வு. பேர் குடுத்துட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

வெளுத்து வாங்கினேன். வேலையை விட்டது யார், ராத்திரி பகல் பாராமல் படித்துச் சொல்லிக்கொடுத்தது யார், மாமியார் தொடங்கி மளிகைக்கடைக்காரர் வரைக்கும் எல்லோரிடமும் பேச்சு வாங்கியது யார் என்று ஒன்று விடாமல் கேட்டேன். சுவரோடு பேசியிருந்தால் அதாவது எதிரொலித்திருக்கும்.

"என்ன குறை வச்சேன்? நான் சொல்லிக்குடுக்கிறது புரியலையா?" என்று அவள் பக்கம் திரும்பினேன்.

"புரியுதும்மா. நல்லாவே சொல்லிக்குடுக்கிற."

"அப்புறம் என்ன கேடு?"

வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பது பதில் சொல்லும் வக்கீல், வாளியின் கைப்பிடியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"போன வாரம் அடுப்புல இருந்து பாத்திரம் இறக்குறப்ப இட்டுக்கி நழுவி என் விரல்ல சூடு பட்டுச்சுல்ல. தண்ணியில புடிச்சுக்கிட்டே, தோலுக்கு எத்தனை அடுக்குன்னு கேட்டியேம்மா. நான் அழுதுட்டிருந்தேன். அழுதுட்டே பதிலும் சொன்னேன்."

கையிலிருந்த புத்தகத்தை மூடினேன்.

"கீழ்வீட்டுக்கா ஸ்கூல்ல இருந்து வந்தா, பையைத் தூக்கி எறிஞ்சிட்டு அவங்கம்மா மடியில படுத்துக்குவா. அங்க டீச்சர் கிடையாது. அம்மா மட்டும்தான். எனக்கும் டீச்சர் வேற எங்கயாவது இருக்கட்டும்மா."

கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். கூடித்தான் போனது, ஆனால் யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஒன்பது பிள்ளை பெற்ற அந்த மகராசி இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கக் கூடாதா? அன்றாட வீட்டுவேலை எல்லாவற்றிலும் பாடம் உண்டு என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதியவள், பிள்ளை அழும்போது வாயை மூடிக்கொள் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அதையும் ஒரு புத்தகம் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

இரண்டு நாள் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. தொண்டை கட்டிவிட்டது, கூட்டத்தில் பேச முடியாது என்று பாஸ்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். முழுப் பொய்யும் இல்லை.

திங்கட்கிழமை காலை, பின்னல் போட்டு, பென்சில் சீவி, அப்பாவின் பைக் வெளியே உறுமிக்கொண்டிருக்க, அவள் அடுப்படிக்கு வந்தாள்.

"ஜெபம் பண்ணி அனுப்பும்மா."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் என் ஜெபமும் பாதி பாடம்தான். 'ஆண்டவரே, இந்தப் பிள்ளை தம்பியோடு சண்டை போடாமல், சொன்ன வேலையைத் தள்ளிப்போடாமல்' என்று கடவுளிடம் சொல்கிற சாக்கில் அவளுக்குச் சொல்லி முடிப்பேன். அன்றைக்கும் நாக்கு நுனி வரைக்கும் அப்படித்தான் வந்தது. இன்னொரு ஜெபமும் அதற்குப் பின்னால் நின்றது. அது அவள் தோற்றுப்போய்த் திரும்பி வர வேண்டும் என்பது.

ஈரக்கையைத் துடைத்து அவள் தலையில் வைத்தேன். எண்ணெய் தேய்த்துப் படிய வாரியிருந்தாள்.

"ஆண்டவரே, இவ பாஸ் ஆகணும்."

அதற்கு மேல் வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் கண்ணை மூடியபடியே காத்திருந்தாள். பிறகு எனக்கும் சேர்த்து அவளே ஆமென் சொன்னாள்.